ஷெல்லாக் பிடித்த இடம்

ஞாயிறு.

கூடுதல் வேகத்துக்காக என் கார் இன்ஜினுக்குள் மெத்தனால் பீய்ச்சும் குழாயின் மரையில் கசிவு நிற்க எதைப் பூசுவது என்று ஒரு வாரமாகத் தகராறு. வெள்ளை டேப் போட்டால் துணுக்கு போய் நாசிலை அடைக்கிறது.

"ஷெல்லாக் தடவு மச்சான், நான் எல்லாத்துக்கும் அத்தத்தான் போடறேன்," என்றான் மெக்கானிக் செல்வம். சூடான இன்ஜினில் கசிந்தால் தீப்பிடிக்கும். எனக்கு மனசு வரவில்லை. ஷெல்லாக் என்ற அந்த அரக்கைப் பூசிக் காயவைத்த போல்ட் ஒன்று, கசிவடைக்கும் சீலன்ட் பேஸ்ட் பூசியது ஒன்று, இரண்டையும் காலையில் தனித்தனி பாட்டிலில் மெத்தனாலில் போட்டேன்.

மாலையில் பேஸ்ட் அப்படியே இருந்தது. ஷெல்லாக் கரைந்து டிகாக்‌ஷன் நிறமாகிவிட்டது.

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "எங்க நைனா கட்டிலுக்குப் பாலிஷ் போட இத்தத்தான ஸ்பிரிட்ல கரைச்சிகினு கீறாரு! மெத்தனாலும் ஸ்பிரிட்டுதான!"

பேஸ்ட் போட்டு மாமல்லபுரம் வரை ஓட்டினோம். ஒரு சொட்டு கசியவில்லை. திரும்பியதும் அவன் அந்த ஷெல்லாக் கரைசலைப் பட்டறை ஸ்டூலுக்கு அடித்திருக்கிறான். தெரியாமல் உட்கார்ந்தேன். என் பேன்ட்டில் மட்டும் பிரமாதமாகப் பிடித்தது.