கண்ணு என்று முடிந்த வாக்கியம்

இன்று காலை வேர்க்கடலை, உன் பேச்சில் மல்லாட்டை, வறுபடும் வாசனை உன் மெஸ்ஸின் பின்கட்டிலிருந்து என் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. கோமதிதான் வறுத்துக்கொண்டிருந்தாள். உன்னிடம் சமையல் வேலைக்கு வந்தவள், நீ போன பிறகு மெஸ்ஸையே நடத்துகிறாள். தோல் கருகுவதற்குள் இறக்கச் சொல்லி நீ அவளிடம் கத்தும் குரல் இதோ வந்துவிடும் என்று நின்றேன். உன் குரல் வரவில்லை. தொலைபேசிதான் அடித்தது.

பேசியவள் இளம்பெண். நீ கலந்துகொண்டாயே அந்தச் சமையல் போட்டி, அதைத் தொலைக்காட்சிக்கு எடுக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவளாம்.

"மேடம், நீங்க அந்தம்மாவோட ஸ்கூல் ஃப்ரெண்டுதானே? புது சீசன் ஸ்டார்ட் பண்றோம். ஃபர்ஸ்ட் எபிசோடுல அவங்களுக்கு ஒரு ட்ரிப்யூட் இருக்கு. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். கொஞ்சம் எமோஷனலா."

கையிலிருந்த காபி டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுச் சமையல் மேடை எனக்கே மறந்துபோயிற்று. மதியம் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டேன். அவள் மறுபடி கூப்பிடுவதற்குள் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொல்வது?

கான்வென்ட்டில் நம் சிஸ்டருக்கு ஒரே பிடிவாதம்: பதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் நீ "களி" என்பாய். "நான் இன்று காலை களி உண்டேன்" என்று சொல்லும்வரை உன்னை நிற்க வைப்பார். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் பாடம் ஒட்டிக்கொண்டது. நீ உன் ஊரான கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பி, கல்யாணமாகி, மறுபடி இந்த ஊருக்கே வந்து மெஸ் தொடங்கியபோதும் அரை வாக்கியத்திலேயே பேசிக்கொண்டிருந்தாய்.

கோமதி கரண்டியில் எடுத்து வருவதை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்ப்பாய். "உப்பு கம்மி." அவ்வளவுதான். "சரிக்கா" என்று அவள் ஜாடியை எடுக்க ஓடுவாள். புதிதாக வந்தவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். கோமதிதான் விளக்குவாள்: "அக்கா ஒண்ணு கம்மின்னு சொன்னா மீதியெல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். நல்லா இல்லன்னா ஒண்ணுமே சொல்லாது, கொட்டிடும்." உன் பாராட்டு அந்த வடிவத்தில்தான் வரும்.

"கம்மி தமிழ் இல்லை, குறைவு என்று சொல்" என்று நான் எத்தனை முறை திருத்தியிருப்பேன்! "போடி கான்வென்ட்டு. கொறைவுன்னு சொன்னா உப்பு தானா ஏறிடுமா?" என்பாய். என் கணவர் இறந்தபோது, வந்தவர்கள் முன்னால் நான் அழவில்லை. அழும் பழக்கம் எனக்கில்லை. எல்லோரும் போன பிறகு நீ ரசம் கொண்டுவந்து வைத்தாய். "அழுதா அழு, அழாட்டி போ. ரசத்தக் குடி." அதைவிடச் சரியான ஆறுதலை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ சமைப்பதைக் கோமதி கைபேசியில் எடுத்துப் போட, அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். "பொறாமை புடிச்சவளே, ஒரு தரம் டிவில வந்துட்டுப் போறேன், விடேன்" என்று மருதாணி வைத்துக்கொண்டு போனாய்.

திரும்பி வந்து நீ சொன்னவற்றை அப்போது நான் கதை போலக் கேட்டேன். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். விளக்குச் சூட்டில் சாப்பாடு இல்லாமல் உட்கார வைத்து, பசியில் ஒருவருக்கொருவர் எரிந்து விழும் நேரம் பார்த்துக் கேமராவை நகர்த்துவார்களாம். தனி அறைக்குக் கூட்டிப்போய், உன் கணவர் செத்துப்போன விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "நான் அழற வரைக்கும் கேமராவ ஆஃப் பண்ணலடி." விரல் வெட்டினால் கட்டுப்போட ஒரு நர்ஸ், தீப்பிடித்தால் அணைக்க ஓர் ஆள், தினமும் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு டாக்டர். "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்று நீயே சான்று கொடுத்தாய்.

ஒளிபரப்பான அன்று என் வீட்டுக் கூடத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். கோமதி கேசரி கிளறிக் கொண்டுவந்திருந்தாள். திரையில் உன்னோடு போட்டியில் இருந்த ஒரு சென்னைப் பெண், மெலிந்த பெண், "எங்கம்மா வீட்டு வேலை செஞ்சுதான் என்னைப் படிக்க வெச்சாங்க" என்றாள். அடுத்து உன் முகம். "கம்மி" என்றாய். இடி விழுவது போல ஓர் இசை. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அழும்போது அவள் காதில் வேறு கம்மல் இருந்தது. நான் கவனித்தேன். வேறு எப்போதோ அழுததைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியிருந்தார்கள்.

கேசரியை யாரும் தொடவில்லை. நீதான் முதலில் சிரித்தாய். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாய்.

"என்னாடி இது? நான் அப்டியா சொன்னேன்?"

அவள் குழம்பில் உப்பைத்தானே சொன்னேன் என்றாய். வேறு என்ன சொன்னோம் என்று யோசித்தாய். நினைவுக்கு வரவில்லை. அந்த விளக்குகளுக்கு அடியில் பசியோடு நின்றவளுக்கு எப்படி நினைவிருக்கும்?

மறுநாளே உன் முகம் எல்லாருடைய கைபேசியிலும் ஏறிவிட்டது. ஏழைப் பெண்ணைக் கீழானவள் என்று சொன்ன கிழவி நீ. "கம்மி ஆயா" என்று பெயர் வைத்தார்கள். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் ஒருவர், "ஆயா, மீட்டர் காசு கம்மியா குடுத்துடாத" என்றார். சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். நீ அங்கேயே இறங்கி நடந்து வந்தாய்.

கம்பெனிக்கு நீ பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாய்.

"தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும். நம்பர் குடுங்க."

"ஷோ முடியற வரைக்கும் நீங்க பேசிக்கக் கூடாதும்மா. கான்ட்ராக்ட்ல இருக்கு."

"நான் என்னா சொன்னேன்னாவது ஒரு தரம் போட்டுக் காட்டுங்களேன்."

"அதெல்லாம் காட்ட முடியாதும்மா. ஒரு வாரம் போனா ஜனங்க மறந்துடுவாங்க. உங்களாலதான் இந்த வாரம் ரேட்டிங் ஏறிச்சு. ஹேப்பியா இருங்க!"

அந்த 'ஹேப்பியா இருங்க' என்பதை நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல்லைப் பார்க்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பௌர்ணமி மாலை, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை அருகே எப்போதும் போல எலுமிச்சை சாதமும் மல்லாட்டைத் துவையலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற ஒருத்தி உன்னை உற்றுப் பார்த்தாள். "அந்த கம்மி ஆயாதானே நீ? உன் கையால எனக்கு வேணாம்" என்று தொன்னையைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தாள். கிரிவலம் வந்தவள், வெறுங்காலோடு. நீ கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, சாதம் ஏற்றிவந்த வேனுக்குள் போய் உட்கார்ந்தாய். அதன் பிறகு மலையைச் சுற்ற நீ வரவேயில்லை.

கதவைச் சாத்திக்கொண்டாய். மாத்திரையை மறந்தாய், அல்லது மறந்ததாகச் சொன்னாய். எதைப் பேசினாலும் அதே கேள்வியில் வந்து நிற்பாய்: "நான் அப்டியா சொன்னேன்?" நீ அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை என்பேன். "சொல்லக்கூடியவ இல்லன்னு எனக்கும் தெரியும். சொன்னேனா இல்லையா?" நான் அங்கே இல்லையே.

ஒருநாள் கோமதி துவையலைக் கொண்டுவந்து நீட்டினாள். நீ ருசி பார்த்தாய். "எல்லாம் சரியா இருக்கு" என்றாய். முழு வாக்கியம். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் பயந்தது போலவே அவளும் பயந்திருப்பது தெரிந்தது.

அந்த மாதத்திலேயே நீ போய்விட்டாய். இதயம் என்றார் டாக்டர். நிகழ்ச்சி உன்னைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாததை எழுதிப் பழக்கமில்லை. நீ கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள், ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

"அவ 'கம்மி'ன்னு சொன்ன வாக்கியம் முழுசா உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருக்கு மேடம். இந்த ட்ரிப்யூட்டுக்காகப் பழசெல்லாம் எடுத்துப் பாத்தேன். 'உப்புதான் கம்மி, கண்ணு'ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு தாடையப் புடிச்சு முத்தம் குடுக்குறாங்க" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த தாளின் ஓரத்தில் அந்த மூன்று சொற்களையும் குறித்துக்கொண்டேன்.

"அத ஏன் போடல?"

"அப்ப நான் இல்ல மேடம். அதுல சண்டை இல்லன்னு டைரக்டர் சார் வெட்டச் சொன்னாராம்."

"விரல் வெட்டுனா கட்டுப்போட நர்ஸ் வெச்சிருந்தீங்களே, ஊரே காறித் துப்புறப்போ ஒரு மனுஷி எப்படி இருக்கான்னு பாக்க யாரு இருந்தா?"

"அதுக்குன்னு யாரும் இல்ல மேடம். இப்பவும் இல்ல."

அதை அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அலுவலகத்தில் குடிதண்ணீர் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது.

"அந்த வாக்கியத்த முழுசா போடுங்க. போட்ட பிறகு கூப்பிடுங்க, வரேன். அதுவரைக்கும் நான் அழறத உங்களுக்குக் காட்டறதா இல்ல" என்றேன். கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். சார் ஒப்புக்கொள்வார் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

வைத்த பிறகு நான் அழுதேன். நீ மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கோமதி கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். "தொவையல் கொஞ்சம் பாத்து சொல்லுங்கம்மா. இப்பல்லாம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்றாங்க." நான் கரண்டியில்தான் ருசி பார்ப்பேன், உனக்குத் தெரியும். இன்று உள்ளங்கையை நீட்டினேன். கருகாமல் இறக்கியிருந்தாள். புளி அளவாக இருந்தது. உண்மையாகவே ஒன்று மட்டும்தான் குறைந்தது.

"உப்புதான் கம்மி, கண்ணு" என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

என்னை அவள் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. நான் திருத்தவில்லை.