மீன் டின் தகரமும் பன்னிரண்டு மில்லிமீட்டர் காலெட்டும்

மச்சான்,

உன் காரியம் முடிந்ததும் உன் மகள் பிரிஸ்பேனிலிருந்து அனுப்பிய பெட்டி போன செவ்வாய்க்கிழமை ஃபிஜிக்கு, நம் நாடி ஊருக்கு வந்து சேர்ந்தது. "அப்பாவோட சாமான், மாமாவுக்குத்தான் சேரணும்" என்று போனில் ஹிந்தியில் சொன்னாள். மூடியைத் திறந்ததும் நம் பட்டறை வாசனை அப்படியே எழுந்து வந்தது. நம் தீவு வெசி மரத்தின் தூள், மிஷின் எண்ணெய், நீ எப்போதும் வாயில் அடக்கி வைத்திருக்கும் கிராம்பு.

பெட்டியின் அடியில் ஒரு புகையிலை டப்பா இருந்தது. அதற்குள் பழைய பனியன் துணி. துணிக்குள் விரலளவு தகரத் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. சிவப்பும் மஞ்சளுமாக லேபிள் சாயம் இன்னும் போகவில்லை. மீன் டின் தகரம். பார்த்ததுமே டப்பாவைச் சட்டென்று மூடினேன். "என்னங்க அது?" என்று வீட்டுக்காரி கேட்டாள். மருந்து என்று சொல்லி வைத்தேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, என் பிள்ளைகளுக்கும் தெரியாது. கோயில் பூசாரிக்குத் தெரியும். அவர் கண்ணாடி உடைந்து மூன்று மாதம் ஆகிறது. ஆகவே உண்மையை எழுதலாம். நான் படித்தது நாலாம் வகுப்புதான். அதில் இரண்டு வகுப்பை இரண்டு தடவை படித்தேன், கூட்டினால் ஆறு வருகிறது.

ஃபிஜித் தீவுகளிலேயே முதல் ரவுட்டர், மரத்தில் பள்ளமும் வளைவும் வெட்டுகிற மிஷின், நம் பட்டறைக்குத்தான் வந்தது. சரி, நாடியிலேயே முதல். சரி, உன்னிடம் என்ன மறைப்பு, நம் தெருவிலேயே முதல். அது சுற்றுகிற வேகத்தைப் பார்த்து ஹோட்டல் மேனேஜர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மரத்தூளைத் தட்டத்தான் கழற்றினார் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

நான் மிஷினின் சத்தத்தைப் பார்த்தேன். நீ அதன் வாயைப் பார்த்தாய். மரத்தை வெட்டுகிற பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சின்ன எஃகுக் குழலை, பக்கவாட்டில் கீறல் கீறலாக இருக்குமே, அந்தக் காலெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னாய்: "சுத்துறது பெரிசில்ல மச்சான். கவ்வணும். அரை இஞ்ச் காம்புக்கு அரை இஞ்ச் காலெட். பன்னண்டு மில்லிக்குப் பன்னண்டு மில்லி. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஒண்ணு இல்ல."

"முக்கால் மில்லி கூட வித்தியாசமில்ல. அதுக்கு எதுக்குய்யா ரெண்டு சாமான்?" என்றேன் நான். மத்தியானச் சாப்பாட்டு மீன் டின்னைக் கத்தரித்து, தகரத்தைக் காம்பில் சுற்றி, பன்னிரண்டை அரை இஞ்சில் சொருகிக் காட்டினேன். கச்சிதமாக நின்றது. நீ உடனே போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டாய். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் ஒரு துண்டுத் தகரம் எப்போதும் என் சட்டைப்பையில் இருந்தது என்பது உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. ஹோட்டல்கள் காலியாயின, நம் பட்டறையில் கோழி முட்டையிட்டது. கரும்புத் தோட்டத்துக்காரர், வாத்தியார், பேங்க்காரர் என்று ஆளாளுக்கு வெளிநாடு போக விண்ணப்பம் நிரப்பினார்கள். கைத்தொழில்காரருக்கு ஆஸ்திரேலியாவில் இடம் உண்டு, ஆனால் பரீட்சை வைப்பார்கள் என்றார்கள். சேர்ந்தே போவது, அங்கே ஒரே பட்டறை, போர்டில் இரண்டு பெயர் என்று நீயும் நானும் பேசி வைத்தோம். என் தங்கை, அதாவது உன் பெண்சாதி, இரண்டு வீடும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்றாள்.

பரீட்சை திங்கட்கிழமை. நான் சனிக்கிழமையே வழியனுப்பு விருந்து வைத்துவிட்டேன். ஆட்டுக்கறி, டாலோ கிழங்கு, டனோவா மரக்குண்டான் நிறைய யங்கோனா வேர்ச்சாறு. ஊரே மாலை போட்டது. "பரீட்சை முடியட்டுமே மச்சான்" என்றாய். "அது வெறும் சடங்குய்யா" என்றேன்.

பரீட்சைக்குத் தலைநகர் சூவா போகிற வழியில் பஸ்ஸை நிறுத்திப் பட்டாளத்தான் நம் பையைத் திறந்தானே, ஞாபகம் இருக்கிறதா? துணியில் வரிசையாகச் சுற்றி வைத்த பிட்டுகளைப் பார்த்துத் துப்பாக்கி ரவை என்று திகைத்துப் போனான். நான் எழுந்து நின்று, பட்டாளத்து மேஜர் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தேன். நீ பேசாமல் ஒரு பிட்டை எடுத்து, பஸ் ஜன்னலின் மரச்சட்டத்தில் இருந்த வளைவோடு பொருத்திக் காட்டினாய். "வினாகா, வினாகா" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு அவன் இறங்கிப் போனான்.

பரீட்சை சூவாவின் சமபுலாப் பகுதியில், ஒரு பெரிய கொட்டகையில். அரைக்கால் சட்டை போட்ட நெட்டை வெள்ளைக்காரர் பலகையையும் ரவுட்டரையும் கொடுத்தார். பலகையில் ஒரே ஆழத்துக்கு நேராக ஒரு பள்ளம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் இரண்டு காலெட். மிஷினில் மாட்டியிருந்தது அரை இஞ்ச். நான் எடுத்தது பன்னிரண்டு மில்லி பிட். லேசாக ஆடியது. வரிசையில் பின்னால் நின்ற நீ இருமினாய். மறுபடியும் இருமினாய். நான் திரும்பி, "இஞ்சித் தண்ணி குடிய்யா" என்றேன்.

பையிலிருந்து தகரத்தை எடுத்தேன்.

வெள்ளைக்காரர் என்னவென்று கேட்டார். "ஃபிஜி டெக்னாலஜி" என்றேன். ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்து இறுக்கினேன். முதல் சாண் அருமையாக வந்தது, அதை யாராலும் மறுக்க முடியாது. பிறகு பிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கீழே இறங்க ஆரம்பித்தது. பள்ளம் ஆழமாயிற்று. வாய்க்காலாயிற்று. பலகை முடிந்து அவருடைய மேசை ஆரம்பித்தபோது அவரே ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினார். "தண்ணி வடியறதுக்கு வாட்டம் வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பெயரை அடித்தார்.

அடுத்தது நீ. பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்தாய். அரை இஞ்சைக் கழற்றினாய். பன்னிரண்டை எடுத்துக் கீறலில் இருந்த தூசியை ஊதினாய். முதலில் நட்டுக்குள் 'டக்' என்று உட்கார வைத்தாய், பிறகு மிஷினில் பூட்டினாய். காம்பை முழுக்கச் சொருகி ஒரு நூலளவு மேலே இழுத்து, அதற்குப் பிறகுதான் இறுக்கினாய். மூச்சைப் பிடிக்கவில்லை. உன் பள்ளத்தில் அந்த ஆள் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே வரும்போது நீ மேசைக்கடியில் குனிந்து எதையோ பொறுக்கினாய். நான் கவனிக்கிற நிலையில் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். விருந்து தின்ற ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? சாயங்காலம் பக்கத்து வீட்டில் யங்கோனாவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "என்னா அண்ணே, எப்ப ப்ளேன்?" என்று கேட்டார்கள். என் ஆயுளில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு பொய் கிடைக்கவில்லை.

நீ சிரட்டையைக் கீழே வைத்தாய். "வெள்ளக்காரன் மொதல்ல இவனத்தான் கூப்ட்டான். இவன்தான் வரலேன்னுட்டான். எல்லாரும் போய்ட்டா கோயில் தேரை யாரு பாக்கறதுன்னு கேட்டான். நான் என்னா சொல்ல?"

பொய்யே சொல்லாத ஆள் சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? இரண்டாம் தடவையும் மாலை போட்டார்கள். மச்சான், அதுவரை நான் அந்தத் தேரைத் தொட்டதே இல்லை. விமான நிலையத்தில் என் தங்கை அழுதபோது நீ என் தோளில் கை வைத்து, "அச்சாணிய மொதல்ல மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

மாற்றினேன். அடுத்த வருடம் சக்கரத்தை மாற்றினேன். அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பு வந்து இன்னும் பாதிப் பேர் போனார்கள். தேர் இழுக்க ஆள் குறைந்தது. சக்கரம் மட்டும் லேசாக ஓடுகிறது, என் வேலை. பன்னிரண்டு மில்லி காலெட்டைத் தூசி ஊதித்தான் பூட்டுகிறேன். வேலை முடிந்தால் நட்டைத் தளர்த்தி வைக்கிறேன், பிட் இல்லாமல் இறுக்குவதில்லை. நீ பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

நேற்று தேர்ப்படிக்குப் பூ வரி போட்டுக்கொண்டிருந்தபோது கோயிலின் புதுத் தலைவர் வந்து கேட்டார், "தாத்தா, நீங்க ஏன் ஆஸ்திரேலியா போகல?" தகரம் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கைகூட உள்ளே போயிற்று.

சொல்லவில்லை. நான் சொன்ன பொய் ஆயிரம் இருக்கும், எல்லாம் ஆடி ஆடிக் கழன்று விழுந்துவிட்டன. நீ ஆயுளுக்கும் சொன்னது ஒன்றே ஒன்று. இத்தனை வருடமாக ஒரு நூல் அசையாமல் என்னைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அதை நான் எப்படிக் கழற்றுவேன்?

"தேரை யாருய்யா பாக்கறது?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, ஸ்பேனரை எடுத்தேன்.