திருப்பிவிடாத நான்கு நாட்கள்

அன்புள்ள பாப்பா,

வேலை நேரத்தில் இதை அனுப்பித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசி வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் யாராவது பார்த்தால் மட்டும் நொண்டுகிறார். உன் அறை ஜன்னல் மழையில் உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை, தச்சர் இதோ வருகிறேன் என்று சொல்லியே பத்து நாளாகிறது.

எங்கள் கல்லூரியில் எல்லோருடைய மெயிலையும் புது அமைப்புக்கு மாற்றுகிறார்கள். பழைய முகவரிக்கு வருவது புதியதற்குப் போய்ச் சேர ஒவ்வொருவர் கணக்கிலும் ஃபார்வர்டு போட வேண்டும். வீடு மாறினா தபால்காரர்கிட்ட சொல்லி வைக்கிற மாதிரிதான் அக்கா, ஆனா மூணு மாசம்தான், அப்புறம் பழைய வீட்டையே இடிச்சிடுவாங்க என்றாள் கணினிப் பிரிவுப் பெண். செய்யத் தெரியாதவர்களுக்குச் செய்து கொடுக்கும் வேலை அலுவலகத்தில் இருக்கும் என் தலையில் விழுந்தது. உடற்கல்வி ஆசிரியர், என் பாஸ்வேர்டு என்னம்மா என்று என்னிடமே கேட்கிறார்.

திங்கட்கிழமை, நீ இங்கே படிக்கும்போது உனக்குப் புத்தகம் தேடிக் கொடுத்த நூலகர் மேடம் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நீங்களே போட்டுடுங்க, உங்ககிட்ட எனக்கென்ன ஒளிவுமறைவு என்று சொல்லிப் போனார். அவர் கணக்கைத் திறந்தால் வரிசையாக உன் பெயர், வாரம் தவறாமல். எனக்கு நீ எழுதுவது மாதத்துக்கு ஒரு வரி, நலம், வேலை அதிகம் என்று. ஒன்றையும் திறந்து படிக்கவில்லை, நம்பு. ஆனால் வயிறு எரிந்தது பாப்பா. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், உன்னை மடியில் கிடத்திக்கொண்டு படித்து வாங்கியது. அதை வைத்துக்கொண்டு கோப்பு எண் போடத்தான் தெரிகிறது, அவரைப்போல் உன்னோடு புத்தகம் பேசத் தெரியவில்லை. மற்ற எல்லோருக்கும் ஃபார்வர்டு போட்டேன், அவருக்கு மட்டும் போடவில்லை.

புது முகவரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அவர் வியாழக்கிழமை தானே வந்து, உங்க பொண்ணு இந்த வாரம் எழுதலையே, நல்லா இருக்காளா என்று கேட்டார். ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே பயந்திருந்தார். கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அவருக்கும் ஃபார்வர்டு போட்டுவிட்டேன். ஆனால் ஃபார்வர்டு இனி வருவதைத்தான் அனுப்புமாம், ஏற்கெனவே வந்து கிடந்த உன் கடிதத்தைக் கையால்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியாகிவிட்டது. அவரிடம் நடந்ததை நான் சொல்லவில்லை, நீ சொன்னாலும் கோபப்பட மாட்டேன்.

உன் பழைய மாணவர் முகவரியையும் மூடப்போகிறார்கள், அதை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறாயோ அங்கெல்லாம் மாற்றிவிடு. இந்தக் கடிதம் எதிலிருந்து வருகிறதோ அதுதான் என் புது முகவரி, குறித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கையால் அனுப்பும்போது திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் அனுப்பினேன், இருந்தும் முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது மேடம் என்று எழுதியிருந்தாய். அது எதுவாக இருந்தாலும் நான் திட்ட மாட்டேன், அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். அதை எனக்கும் எழுது.

உன் அம்மா