வராதவருக்கும் வரி

என்னங்க, தெய்வத்தின் தயவில் நானும் மகளும் பச்சைக்குழந்தையும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மகள் வீட்டில் இடமில்லை என்று மாப்பிள்ளை எனக்கு ஓட்டலில் ஒன்பது நாள் அறை போட்டிருந்தார். "எல்லாம் கட்டியாச்சு அத்தை" என்றார். காலி செய்யும்போது கவுண்டர்க்காரன், இந்த நாட்டில் வெளியூர்க்காரர் தங்கினால் கட்டணும் என்று சுற்றுலா வரி கேட்டான். தலைக்கு இவ்வளவு, ஓர் இரவுக்கு இவ்வளவாம். வாடகையில் சேராதாம், நகராட்சிக்குப் போகிறதாம். நான் சுற்றுலாவா வந்தேன்? தொட்டில் துணி துவைக்க வந்தேன். தூங்குகிறவர்களிடம் பிடுங்குவதும் ஒரு பிழைப்பா?

அதிலும் இரண்டு பேருக்குப் போட்டிருந்தான். நீங்களும் வருவீர்கள் என்று பதிந்த பெயரை மாப்பிள்ளை எடுக்கவே இல்லை. "வராத மனுஷன் எங்கே படுத்தாராம்? பக்கத்துக் கட்டில்ல போர்வை கலைஞ்சிருக்கான்னு போய்ப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். மாப்பிள்ளை கூச்சத்தோடு அதை அவன் பாஷையில் சொன்னார். அவன் பார்த்துவிட்டு வந்து உங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தான். அடித்ததைப் பார்த்ததும் எனக்கு ஏனோ ஜெயித்த மாதிரி இல்லை.

இனி மகள் வீட்டுக் கூடத்திலேயே பாய் போட்டுக்கொள்கிறேன். என் பாராயணப் புத்தகத்தையும், குளிருக்கு உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

குழந்தை அழுகிறது. அடுத்த தடவை நீங்களும் வாருங்கள், உங்கள் தலைக்கான வரியை முணுமுணுக்காமல் கட்டுகிறேன்.