ஃபவுண்டேஷனுக்கு அடியில்

1 மே 1994, ஞாயிறு

பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். கோவில்பதாகை எட்மண்ட், கொரட்டூர் அருள்செல்வி. நாற்பத்திநாலு வயதில் கல்யாணத்துக்காக என் பெயரைக் கோயிலில் கேட்கக் கூச்சமாக இருந்தது. யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்றார் சாமியார். எனக்குத் தெரிந்த தடை என் கன்னத்திலேயே இருந்தது. இரண்டு பக்கமும் மங்கு, கருப்பாக. எட்மண்ட் பார்த்ததெல்லாம் மேக்கப் போட்ட முகத்தை.

3 மே

வேர்வையில் மேக்கப் நிற்பதில்லை என்று பார்லர் ஜமீலாவிடம் சொன்னேன். துபாயிலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய ட்யூப் ஒன்றை எடுத்தாள்.

"மொதல்ல இத்த தடவணும்க்கா. அதும்மேலதான் ஃபவுண்டேஷன். செவுத்துக்கு பிரைமர் அடிக்கிறாங்கல்ல, அத்தேதான்."

"நெஜமாவே பிரயோஜனம் இருக்கா, இல்ல உன் யாவாரமா?"

"பாதி மூஞ்சிக்கு மட்டும் போட்டுக்கினு ஆபீஸ் போ. நீயே வந்து சொல்லு."

4 மே

வலது கன்னத்துக்கு மட்டும் தடவினேன். பஸ்ஸில் நெரிசல், ஆபீஸில் கரண்ட் இல்லை. மத்தியானத்துக்குள் இடது பக்கம் திட்டுத் திட்டாகி மங்கு வெளியே வந்துவிட்டது. வலது பக்கம் சாயங்காலம் வரை அப்படியே.

ஆக, பிரயோஜனம் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அசதியாக இருக்கிறது. கல்யாணத்தன்றைக்குப் போடலாம். மறுநாள்? அவர் எழுவதற்கு முன்னால் எழுந்து, தடவி, காயவிட்டு — எத்தனை வருஷத்துக்கு?

8 மே

இரண்டாம் ஓலை. மேக்கப் நன்றாக நின்றது.

15 மே, ஞாயிறு

மூன்றாம் ஓலை. முகத்தைக் கழுவினேன், அவ்வளவுதான்.

"இன்னாடி இது, இன்னிக்குன்னு பாத்து? கல்யாணம் முடியிற வரிக்கும் பொறுக்க மாட்டியா?" என்றாள் அண்ணி.

பூசை முடிந்து எட்மண்ட் என்னைப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். கழுவினா என் மூஞ்சி இதுதான்."

வாயைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

17 மே

தகவல் இல்லை. அண்ணி பேசுவதில்லை. என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி சொன்னே? கேட்டாரா உன்னை?

18 மே

வாசலில் சைக்கிள் சத்தம். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"அன்னிக்கு நானும் சொல்லியிருக்கணும். முடியல. முன்பல்லு நாலும் கட்டினது. ராவுல கழட்டி டம்ளர்ல போடணும். கல்யாணத்துக்கப்பறம் மாட்டிக்கினே தூங்கலாம்னு பாத்தேன், ஈறு ரணமாப்பூடுது."

கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"கையை எடுங்க," என்றேன்.

உள்ளே அண்ணி சிரித்தேவிட்டாள்.

12 ஜூன், ஞாயிறு

இன்று அவருக்குப் பிறகுதான் எழுந்தேன். ஜன்னலில் டம்ளர், அதற்குள் பல். கட்டிலில் உட்கார்ந்து ஜமீலாவின் ட்யூபைப் பிதுக்கி, குதிகால் வெடிப்பில் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லா கேக்குது அருளு," என்றார், பொக்கை வாயோடு. "இன்னொண்ணு கெடைக்குமா?"