கணக்கில் சேராத வீடு

ஃபோர்ட் வேய்ன், இந்தியானா
மார்ச் 12, 1973

அன்புள்ள ஹேரியட்,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஹோலி விழித்துக்கொள்கிறாள். இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான்கு மாதக் குழந்தை இவ்வளவு சத்தமில்லாமல் தூங்கலாமா? என்னிடமுள்ள குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் அழுகைக்கு ஒன்பது பக்கம் இருக்கிறது, அமைதிக்கு ஒரு வரிகூட இல்லை. கல்லூரி அறையில் என்னுடன் நான்கு வருஷம் இருந்தவள் நீ. நான் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று உனக்குத் தெரியும். அந்தப் பட்டியல் இப்போது இரண்டு மடங்காகிவிட்டது.

வேர்னுக்கு லாரி ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட். மூன்று மணிக்குக் கிளம்பினால் நடு இரவுக்கு மேல்தான் வருவார். அதனால் இரண்டரை மணிக்கு நீ எழுதும் டிவி தொடர் ஓடும்போது அவர் சாண்ட்விச்சோடு சோபாவில் இருப்பார். செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை. பக்கத்து வீட்டு மிஸ்ஸஸ் ஷெல்ஹார்னும் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். 'பிரையர் கோர்ட்' முடிகிறவரை யாரும் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. நேற்று முன்தினம் மிஸ்ஸஸ் ஷெல்ஹார்ன் என்னிடம், "உன் சிநேகிதிகிட்ட சொல்லிவை. மார்கோ அந்த டாக்டரைக் கட்டிக்கக் கூடாது. அவன் பார்வையே சரியில்ல" என்றார். கதையை முடிவு செய்வது நீ இல்லை, வசனம் மட்டும்தான் எழுதுகிறாய் என்று விளக்கினேன். "வசனம்தானே? 'மாட்டேன்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதச் சொல்லு, போதும்" என்றார்.

ஒன்று சொல்லவேண்டும். வேர்னுக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை அவர் போனதிலிருந்து ஹோலி அழுதுகொண்டே இருந்தாள். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டு வீடு முழுக்க நடந்தேன். பிறகு அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கராஜுக்குப் போய் எங்கள் பழைய காரில் உட்கார்ந்துகொண்டேன். எங்கும் போகவில்லை. சாவிகூட என் கையில் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயப்படவில்லை ஹேரியட். அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

உன் பழைய அறைத் தோழி,
லெனோர்


நியூயார்க்
மார்ச் 20, 1973

என் லெனோர்,

கிழித்துவிட்டேன். நீ கெட்ட தாய் இல்லை. களைத்துப்போன தாய். கெட்டவள் என்றால் இருபது நிமிஷத்தில் திரும்பி வந்திருக்கமாட்டாய். எனக்குக் குழந்தையில்லை, நான் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கே தெரியும். ஆனாலும் இந்த வரிகளை நாலு தடவை படி.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ரேட்டிங் தாளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லோரும் அதன்முன் நிற்கிறோம். பதினான்கு தொடர்களில் நாங்கள் பன்னிரண்டாவது. மூன்று ஊர்களின் நிலையங்கள் எங்களை எடுத்துவிட்டுப் போட்டி நிகழ்ச்சி போட ஆரம்பித்துவிட்டன. உங்கள் ஊர் நிலையம் மே மாதக் கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யப்போகிறதாம். இன்னும் நாலைந்து ஊர் போனால் தொடரே போய்விடும். அதோடு என் வேலையும்.

எங்கள் தலைமை எழுத்தாளர் கிளிஃபோர்ட் நேற்று என் பக்கங்களை மேஜைமேல் போட்டுவிட்டு, "எல்லாம் ஜோடனையா பேசுதுங்கம்மா. ரத்தமும் சதையுமா ஒரு பொம்பளையக் காட்டுங்க எனக்கு" என்றார். மார்கோவுக்கு ஏப்ரலில் குழந்தை பிறக்கிறது. அவள் காட்சிகள் இனி என் பொறுப்பு. இன்று எழுதுவது ஏழெட்டு வாரம் கழித்துத்தான் உன் வீட்டு டிவிக்கு வரும். அதுவரை நாங்கள் இருக்கவேண்டும்.

ஹோலிக்கு ஒரு முத்தம். உனக்கு இரண்டு.

ஹேரியட்


ஃபோர்ட் வேய்ன்
மே 8, 1973

அன்புள்ள ஹேரியட்,

நம்பமாட்டாய். ரேட்டிங் எடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "ஒரு வாரம் உங்க வீட்ல என்ன பாக்கறீங்கன்னு எழுதித் தருவீங்களாம்மா?" என்று கேட்டாள். சரி என்றேன். சிறு புத்தகம் தபாலில் வந்திருக்கிறது. ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். எந்தச் சேனல், என்ன நிகழ்ச்சி, வீட்டில் யார் யார் பார்த்தார்கள், விருந்தாளி உண்டா என்று எழுதவேண்டும். மே 16 புதன் தொடங்கி 22 செவ்வாய் வரை.

'உங்கள் வீட்டில் யாராவது தொலைக்காட்சியில் வேலை செய்கிறார்களா?' என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. 'இல்லை' என்று எழுதினேன். நீ என் வீட்டில் இல்லையே. அது பொய்யில்லை அல்லவா? யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் போட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன். ஆனால் ஹேரியட், இந்த ஊரில் சில நூறு வீடுகளுக்குத்தான் இந்தப் புத்தகம் வருமாம். அதில் ஒன்று என் சமையலறை மேஜைமேல் இருக்கிறது.

ஹோலிக்குப் பல் வருகிறது. காய்ச்சல் இல்லை. தினமும் மூன்று முறை பார்க்கிறேன்.

லெனோர்


நியூயார்க்
மே 12, 1973

லெனோர்,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். இது வெளியே தெரிந்தால் என்னை அன்றே அனுப்பிவிடுவார்கள். நீ சொல்லியிருக்கவே கூடாது. இனி இதைப்பற்றி எழுதாதே.

நான் எதையும் கேட்கவில்லை. பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே. அவ்வளவுதான்.

ஒரு விவரம் மட்டும்: விருந்தாளிகளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். மிஸ்ஸஸ் ஷெல்ஹார்னை விட்டுவிடாதே. வேர்ன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாலும் அது பார்த்ததுதான்.

ஹே.


ஃபோர்ட் வேய்ன்
ஜூன் 1, 1973

ஹேரியட்,

பத்து நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். புதன்கிழமை காலை எனக்குத் தூக்கமே இல்லை. ஹோலி நான்கு மணியிலிருந்து என் தோளில். பின்னால் மறந்துவிடுவேனோ, குழந்தை அழுது ஏதாவது ஒரு நாள் விட்டுப்போகுமோ என்று பயந்து, வாரம் முழுவதற்கும் இரண்டரை மணிக் கட்டங்களை அப்போதே மையால் நிரப்பிவிட்டேன். பிரையர் கோர்ட், பிரையர் கோர்ட் என்று அடுத்தடுத்து. பார்ப்பவர்கள்: நான், வேர்ன், ஒரு விருந்தாளி. எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்று நினைத்தேன்.

இனித் திங்கட்கிழமை. மூன்று பேரும் இருந்தோம். மார்கோ தன் தங்கையோடு சமையலறையில் நிற்கிறாள். குழந்தை அழுதபோது எங்கே போனாய் என்று தங்கை கேட்கிறாள், மார்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறாள்: "கராஜுக்குப் போயி காருக்குள்ள உக்காந்துட்டேன். கண்ணாடிய ஏத்திட்டேன். சாவிகூட எங்கிட்ட இல்ல. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு நான் பயப்படல. அங்க இருக்கறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு."

சாவியைக்கூட விடவில்லை நீ.

வேர்ன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. இவ கையிலேர்ந்து குழந்தையப் பிடுங்கி, நல்ல குடும்பமாப் பாத்துக் குடுத்துடணும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார் ஹேரியட், உப்பைக் கொடு என்று கேட்கிற மாதிரி. ஹோலி என் மடியில் இருந்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. குனிந்து அவள் காலுறையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மிஸ்ஸஸ் ஷெல்ஹார்ன் ஊசியை நிறுத்தவில்லை. "ஏம்ப்பா வேர்ன், ஒரு முழுச் சாயங்காலம் நீ இந்தக் குழந்தையத் தனியா வெச்சிருந்திருக்கியா?" என்றார்.

"எனக்கு வேலை இருக்குங்க."

"இருக்கு இருக்கு. நேரமாச்சு, போ. டிபன் டப்பாவ மறந்துடாத."

அவர் போனபிறகு மிஸ்ஸஸ் ஷெல்ஹார்ன் டிவியை அணைத்தார். என்னைப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம் ஒன்றைச் சொன்னார். இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது. அதை நான் உனக்கு எழுதப்போவதில்லை.

அன்று மாலை மார்கோவின் வரியை அடித்துவிடலாமா, அதாவது புத்தகத்தில் திங்கட்கிழமைக் கட்டத்தை அடித்துவிடலாமா என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கண்ணிமைக்காமல் பார்த்திருந்தேனே. அந்த வாரத்திலேயே அப்பட்டமான உண்மை அந்த ஒரு கட்டம்தான். அப்படியே விட்டுவிட்டேன். செவ்வாய் முடிந்ததும் தபாலில் போட்டேன்.

நேற்று அந்தப் பெண் மறுபடியும் போன் செய்தாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "அம்மா, பதினேழாம் தேதி வியாழக்கிழமை பிரையர் கோர்ட் பாத்ததா எழுதியிருக்கீங்க. அன்னிக்கு அந்த நேரத்துல மூணு சேனல்லயும் தொடரையெல்லாம் நிறுத்திட்டு செனட் விசாரணைதானே ஓடிச்சு?"

ஆமாம். அன்று முழுக்கப் பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தோம். கட்டத்தைத் திருத்த எனக்குத் தோன்றவேயில்லை. முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "பரவால்லம்மா, நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. ஆனா இந்தப் புத்தகத்த எடுத்துக்க முடியாது" என்றாள். எங்கள் வீடு கணக்கில் சேராது. திங்கட்கிழமையும் சேராது.

உனக்கு உதவத்தான் அதைச் செய்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மாட்டேன் என்றிருப்பேன் என்பதால்தான் நீ கேட்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல். கிழித்துவிட்டேன் என்று எழுதினாயே, கிழிப்பதற்கு முன்னால் பிரதி எடுத்தாயா?

லெனோர்


நியூயார்க்
ஜூன் 9, 1973

என் அன்பு லெனோர்,

இதை ஏழு முறை எழுதிக் கசக்கி எறிந்தேன். வசனம் எழுதிப் பிழைப்பவள் நான்.

பிரதி எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. உன் வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கம் காலியாக இருந்தது, கிளிஃபோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார், என் விரல்கள் அதைத் தட்டச்சு செய்தன. அப்போதே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். ஏழு வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்றிருந்தேன். என்னை மன்னித்துவிடு. இதை நெஞ்சார எழுதுகிறேன்.

அதன்பின் நடந்ததும் உனக்குத் தெரியவேண்டும். அந்தக் காட்சிக்கு நானூறு கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் தாய்மார்கள். சிலர் பெயர்கூடப் போடவில்லை. கிளிஃபோர்ட் அவற்றை எங்களுக்கு விளம்பரம் தரும் சோப்புக் கம்பெனிக்காரர்முன் கொட்டினார். தொடருக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. என்னைக் கதைக் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். நீ நானூறு பெண்களுக்கு நல்லது செய்திருக்கிறாய். அப்படிப் பார்க்க முடியுமா உன்னால்?

உங்கள் ஊர் நிலையம் மட்டும் ஜூலையிலிருந்து எங்களை எடுத்துவிடுகிறதாம். வருத்தம்தான். ஆனால் யோசித்துப்பார், இனி வேர்ன் பார்க்கமாட்டார், உன் ஊரில் யாருமே பார்க்கமாட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்தமுறை முன்னாலேயே கேட்கிறேன், பார். நீ காரைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தாயே, தொட்டிலருகில் போனதும் முதலில் என்ன செய்தாய்? இலையுதிர்காலத்துக்கு மார்கோ அந்த அறைக்குள் நுழையவேண்டும். நான் என்ன எழுதினாலும் ஜோடனையாகவே வருகிறது.

என்றும் உன்,
ஹேரியட்


ஃபோர்ட் வேய்ன்
ஜூன் 24, 1973

அன்புள்ள ஹேரியட்,

கடிதம் கிடைத்தது. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் மகிழ்ச்சி. நீ உழைப்பாளி.

இங்கே அனைவரும் நலம். இந்த வாரம் நல்ல வெயில், இடையில் ஒரு நாள் மட்டும் மழை. வேர்ன் பின்புற வேலிக்கு வெள்ளை வண்ணம் அடித்தார். தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. ஹோலி உட்காரப் பழகிவிட்டாள். பிசைந்த பட்டாணி அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆரஞ்சு நிறப் பூசணி பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கோழி வறுவல் விருந்து இருந்தது. நான் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோனேன். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

நீ கேட்டது எனக்கு நினைவில்லை.

நியூயார்க்கில் கோடை கடுமையாக இருக்கும் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் நீ தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மிஸ்ஸஸ் வேர்னன் புரூயிட்