கனம் அதிபர் அவர்கட்கு

செவ்வாய்க்கிழமை, இரவு

சுபா இருப்பதற்கு முன்பே அப்பா கதிரையைத் தன் சால்வையால் துடைத்தார். அதைத்தான் முதலில் கண்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் வீட்டுக் கடிதங்களை நான்தான் எழுதி வந்தேன். தம்பியை அதே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டு, அதன் தலைமை ஆசிரியரான அதிபருக்கு எழுதும் கடிதத்தை மட்டும் அப்பா பக்கத்து வீட்டுச் சுபாவிடம் கொடுத்துவிட்டார். அவள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ஒரு காலத்தில் வகுப்பில் என் வாங்கில், என் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கடை பிள்ளை விதானையாருக்குக் குடுத்த விண்ணப்பத்திலை 'அன்புள்ள மாமாவுக்கு' எண்டெல்லோ எழுதினவள்," என்று அப்பா சிரித்தார். கிராம அலுவலரான விதானையார் எங்கள் தெருக்காரர். சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

சுபா சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "'கனம் அதிபர் அவர்கட்கு' எண்டு போடுவம், மாமா," என்றாள். என் அப்பா அவளுக்கு மாமாவாம்.

அவள் போன பிறகு அப்பா என் அறை வாசலில் நின்றார். "பிள்ளை, உறையிலை விலாசத்தை நீ எழுதன். உன்ரை எழுத்துத்தான் வடிவு."

நித்திரைபோலக் கிடந்தேன். அவர் உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எழும்பி உறையில் விலாசத்தை எழுதினேன். சுபா சொன்னபடியேதான் தொடங்கினேன், அவளுடையதைவிடப் பெரிய எழுத்தில்.